கோட்டைக்கு வெளியே இருக்கும் செஞ்சி

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் பேருந்து செஞ்சியைத் தாண்டியதும் கோட்டை மதிலுக்குள் புகுந்து வெளியேறுகிறது. சாலைக்காக மதிலை வெட்டி வழிவிட்டிருக்கிறார்கள். ஔரங்கசீப்பின் தளபதி ஜுல்பிகர் கான் இதற்குள் நுழைவதற்காக ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் வெளியே பாளயம் இறங்கிக் காத்துக் கிடந்தான். இன்று டிக்கெட் வாங்கிய எவரும் உட்கார்ந்தபடியே உள்ளே போய்விடலாம். வண்டியில் வரும் வெளியூர்க்காரர்கள் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்து அண்ணாந்து பார்ப்பார்கள். உள்ளூர்க்காரர்கள் பார்ப்பதில்லை. மல்லாட்டை மூட்டைக்கு ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் அன்று என்ன விலை போயிற்று என்று பேசிக்கொண்டு வருவார்கள். அதை அலட்சியம் என்று சொல்லமாட்டேன். ஏரிக்கரை, கூட்டு ரோடு, அம்மன் கோயில், ஆற்றுப் பாலம் என்று அவர்கள் வழி சொல்லும் இடங்களில் கோட்டையும் ஒன்று. அதைவிடக் கூடுதலாக அதற்கு ஒன்றும் கொடுக்கவேண்டியதில்லை என்பது அவர்கள் முடிவு. எனக்கும் அதில் உடன்பாடுதான்.

செஞ்சிக்கு வருகிறவர்களுக்கு ஊர் என்றால் மூன்று மலைகள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம். மூன்றையும் இணைத்து ஓடும் மதில் சுமார் 13 கிலோமீட்டர். ராஜகிரியின் உயரம் ஏறத்தாழ 800 அடி. ஏறி இறங்கினால் முழங்கால் இரண்டு நாளைக்குக் கணக்குச் சொல்லும். அதோடு செஞ்சி முடிந்தது என்று ஊர் திரும்பிவிடுவார்கள்.

கோட்டையைச் சொல்வதற்கு முன்னால் பாறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். இந்தப் பக்கத்துக் குன்றுகளின்மேல் உருண்டையும் முட்டையுமாகக் கிடக்கும் பெருங்கற்களைப் பார்த்தால் எங்கிருந்தோ உருண்டு வந்து நின்றவை என்றே தோன்றும். அவை எங்கிருந்தும் வரவில்லை. பூமிக்கடியில் இறுகிக் கிடந்த கல், குறுக்கும் நெடுக்குமாக விரிசல் விட்டது. விரிசல் வழியே இறங்கிய நீர் மூலைகளை முதலில் அரித்தது. மூலைக்கு மூன்று பக்கத்திலிருந்தும் நீர் படும், முகத்துக்கு ஒரு பக்கத்திலிருந்துதான் படும். ஆகவே கட்டம் கட்டமாகப் பிளந்த கல், நின்ற இடத்திலேயே உருண்டையானது. பிறகு உளுத்த மண் மழையில் கரைந்தோட, உருண்டைகள் மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக வெயிலுக்கு வந்தன. பல லட்சம் ஆண்டு வேலை. கோட்டை கட்டியவர்கள் பல இடங்களில் செய்ததெல்லாம் இந்தக் கற்களுக்கு இடையிலிருந்த சந்துகளை அடைத்ததுதான். மதிலில் பெரும்பங்கைப் பாறையே கட்டி வைத்திருந்தது. அதற்கு யாரும் கூலி கொடுக்கவில்லை, கல்வெட்டும் வைக்கவில்லை.

அரசர் வரிசையை வேகமாகச் சொல்லிவிடலாம். 1190 வாக்கில் ஆடு மேய்த்த ஆனந்தக் கோன் என்பவருக்குப் புதையல் கிடைத்து, அவர் இன்றைய ராஜகிரியான கமலகிரியில் சிறு கோட்டை கட்டினார் என்பது மரபு. அவர் வழியில் வந்த கிருஷ்ணக் கோன் பெயரில்தான் இரண்டாம் மலை. பிறகு விஜயநகரம், அதன் கீழ் நாயக்கர்கள். நாயக்கர் காலத்தில், 1597 வாக்கில் இங்கே வந்த ஏசுசபைப் பாதிரியார் பிமெண்டா, லிஸ்பனைத் தவிர்த்தால் போர்ச்சுகலில் இவ்வளவு பெரிய நகரம் இல்லை என்று எழுதினார். 1649இல் பிஜப்பூர்க்காரர்கள். 1677இல் சிவாஜி. 1698இல் மொகலாயர். 1714இல் ஆற்காடு நவாப். 1750இல் பிரெஞ்சுக்காரர்கள். 1761 ஏப்ரலில் ஆங்கிலேயர். பாண்டிச்சேரி விழுந்த பிறகும் செஞ்சியில் மட்டும் பிரெஞ்சுக் கொடி சில வாரம் பறந்தது. 1780இல் ஹைதர் அலி வந்தார். ஆளுக்கொரு பெயரும் வைத்தார்கள். பிஜப்பூர்க்காரர்களுக்கு பாதுஷாபாத், மொகலாயருக்கு நுஸ்ரத்கட். ஒரு பெயரும் ஒட்டவில்லை. இந்த வரிசையில் பெரும்பாலோர் வந்து போனவர்கள். கோட்டை அவர்களுடைய பணியிடம். அதிலும் பிரெஞ்சுப் படைக்குக் காய்ச்சல் பிடித்த பணியிடம்.

2025 ஜூலையில் பாரிஸில் கூடிய யுனெஸ்கோ குழு செஞ்சியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மகிழ்ச்சி. ஆனால் எந்தத் தலைப்பில் சேர்த்தது என்று பார்க்கவேண்டும். இந்தியாவின் மராட்டிய ராணுவ நிலத்தோற்றங்கள். பன்னிரண்டு கோட்டைகள், பதினொன்று மகாராஷ்டிரத்தில், ஒன்று இங்கே. மராட்டியர் செஞ்சியில் இருந்தது 21 ஆண்டுகள். அந்த 21 ஆண்டில் சிவாஜி மதில்களைப் பலப்படுத்தினார், அவர் மகன் ராஜாராம் இங்கிருந்தே மராட்டிய அரசை நடத்தினார். அவை சிறிய காரியங்கள் அல்ல. நான் மராட்டியரோடு சண்டைக்குப் போகவில்லை. ஆனால் உலகப் பட்டியலில் ஏறவும் செஞ்சி இன்னொருவர் பெயரில்தான் ஏறவேண்டியிருந்தது என்பதையும், ராணுவம் என்ற சொல் இல்லாமல் அதைப் பற்றி ஒரு வரி எழுத யாருக்கும் தோன்றவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளலாம்.

இங்கிலாந்தில், ஹாம்ப்ஷயர் மாவட்டத்தில், செல்போர்ன் என்று ஒரு கிராமம் உண்டு. கோட்டை இல்லை, முற்றுகை இல்லை, ராஜா யாரும் அங்கே தலை கொடுக்கவில்லை. கில்பர்ட் ஒயிட் என்ற பாதிரியார் அங்கே பிறந்து, ஏறக்குறைய வாழ்நாள் முழுவதும் அங்கேயே இருந்து, அந்த ஊரின் இயற்கை வரலாற்றை எழுதி 1789இல் வெளியிட்டார். ஊருக்குப் பின்னாலுள்ள பீச் மரச் சரிவு, அதில் 1753இல் அவரும் தம்பியும் வெட்டிய கோணல்மாணல் பாதை, தேவாலய முற்றத்தில் நின்ற கிழட்டு யூ மரம், வீட்டுத் தோட்டத்து ஆமை, தகைவிலான் குருவி எப்போது வருகிறது, எப்போது போகிறது. இவ்வளவுதான் பொருள். இருநூறு வருஷத்துக்கு மேலாக அந்தப் புத்தகம் அச்சில் இருக்கிறது. அந்த யூ மரம் 1990 ஜனவரிப் புயலில் சாய்ந்தபோது ஊரார் அதைத் தூக்கி மறுபடி நட்டுப் பார்த்தார்கள். பிழைக்கவில்லை. மரம் ஒன்று சாய்ந்ததற்கு அவ்வளவு பேர் வருந்த வேண்டுமென்றால் முன்பே யாரோ ஒருவர் அதை எழுதி வைத்திருக்கவேண்டும். இதே ஆங்கிலேயர்கள் செஞ்சிக்கு வந்தபோது கொத்தளங்களையும் பீரங்கிகளையும் எண்ணினார்கள். சுற்றியுள்ள ஊர்களை எழுதவில்லை. அவர்களைக் குறை சொல்ல நமக்கு வாய் கிடையாது, நாமும் எழுதவில்லை. சி.எஸ். சீனிவாசாச்சாரி 1943இல் எழுதிய செஞ்சி வரலாறு இன்றும் அடிப்படை நூல். அதன் தலைப்பிலேயே அரசர்கள் இருக்கிறார்கள், இடையர்கள் இல்லை.

கோட்டைக்கு வெளியே வருவோம்.

ஊருக்குப் பக்கத்திலேயே சிறுகடம்பூர். அங்கே திருநாதர் குன்று. ஏறுவதற்குப் பாறையில் படி வெட்டியிருக்கிறார்கள், பத்துப் பதினைந்து நிமிஷம் போதும். உச்சியில் ஒரு பெரும்பாறையின் முகத்தில் இருபத்துநான்கு சமணத் தீர்த்தங்கரர்கள், வரிசைக்குப் பன்னிருவராக இரண்டு வரிசை. ஒருவரைப் போலவே இன்னொருவர், ஒரே அமர்வு, ஒரே அமைதி. சிற்பம் தெரிந்தவர்கள் இதில் பெரிய நுட்பம் இல்லை என்பார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் இந்தக் குன்றுக்கு என்னை வரவழைப்பது சிற்பம் இல்லை, அருகில் பாறையில் வெட்டியிருக்கும் சிறு கல்வெட்டு. ஏறக்குறைய ஆறாம் நூற்றாண்டு எழுத்து. சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாள் உண்ணாதிருந்து உயிர்விட்ட இடம் இது என்று சொல்கிறது. இன்னொரு கல்வெட்டு இளைய பட்டாரர் ஒருவர் 30 நாள் நோற்றதைச் சொல்கிறது. எந்த அரசனின் ஆட்சியாண்டும் இல்லை, மெய்க்கீர்த்தி இல்லை, தானமாக விட்ட நிலத்தின் எல்லை இல்லை. ஆள், நாள் கணக்கு, இடம். எழுத்து வரலாறு படிப்பவர்களுக்கு இது முக்கியமான கல். ஐகாரம் தனி எழுத்தாகக் கிடைக்கும் பழைய சான்றுகளில் ஒன்று. ஐம்பத்தேழு என்று எழுதவேண்டி வந்ததால் அந்த எழுத்து வந்தது.

57 நாள் என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஏறும்போது நாம் கொண்டுபோன தண்ணீர் பாட்டில் பாதி வழியில் தீர்ந்துவிடுகிறது. அந்த மனிதர் மேலே உட்கார்ந்து சுற்றிலும் பார்த்திருப்பார். இன்று நாம் பார்க்கும் ராஜகிரியை அவரும் பார்த்தார், மதில் இல்லாத ராஜகிரியை. கோட்டைக்கு இன்னும் அறுநூறு ஆண்டுக்கு மேல் இருந்தது. செஞ்சியில் மனிதர்கள் உயிரைக் கொடுத்த கதைகள் ஏராளம். அவற்றுள் யாருக்கும் கேடு நினைக்காமல் கொடுத்தது இதுதான்.

சமணம் இந்த வட்டாரத்தில் பழங்கதை இல்லை. திண்டிவனம் பக்கம் போனால் மேல்சித்தாமூர். தமிழ்ச் சமணர்களின் தலைமை மடமான ஜினகாஞ்சி மடம் அங்கேதான் இருக்கிறது. தேர் ஓடுகிறது. செஞ்சியை ஆண்ட நாயக்கன் ஒருவன் பதினைந்தாம் நூற்றாண்டில் சமணர்களை வெட்டிச் சாய்த்தான் என்றும், பலர் உயிருக்குப் பயந்து திருநீறு பூசிக்கொண்டார்கள் என்றும், வீரசேனர் என்பவர் பின்னால் அவர்களை மறுபடி சமணத்துக்குக் கொண்டுவந்தார் என்றும் அவர்கள் மரபில் ஒரு கதை சொல்லப்படுகிறது. அதே செஞ்சிக் கோட்டையின் வேங்கடரமணர் கோயிலிலிருந்து கற்கள் சில சித்தாமூர் சமணக் கோயிலுக்கு வந்து சேர்ந்தன என்றும் சொல்வார்கள். கல்லுக்குப் பகை தெரியாது போலும். வேங்கடரமணர் கோயிலின் தூண்களை பிரெஞ்சுக்காரர்கள் வண்டியேற்றிக் கொண்டுபோனார்கள். புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்கள் செஞ்சித் தூண்கள்தான் என்பது பரவலான செய்தி. அங்கே நின்று படம் எடுத்துக்கொள்கிறவர்கள் பாதிச் செஞ்சியைப் பார்த்துவிட்டார்கள்.

வடக்கே சிங்கவரம். குன்றைக் குடைந்து பள்ளிகொண்ட ரங்கநாதர், பல்லவர் காலம். பெருமாளின் முகம் ஒரு பக்கமாகத் திரும்பியிருக்கிறது. செஞ்சியை ஆண்ட தேசிங்கு போருக்குப் புறப்படுமுன் வந்து விடை கேட்டபோது, போகாதே என்று திருப்பிக்கொண்டதாம். தேசிங்கு பிறப்பதற்கு ஆயிரம் வருஷத்துக்கு முன்பே சிற்பி அப்படித்தான் செதுக்கினான் என்று சொல்லலாம். சொல்லி என்ன ஆகப்போகிறது? ஊர் தன் கல்லைத் தன் கதைக்கு எடுத்துக்கொண்டது. ஓராண்டுகூட முழுதாக ஆளாத, தமிழ் தாய்மொழியாக இல்லாத ஒரு புந்தேல இளைஞனை, தேஜ் சிங்கைத் தேசிங்காக்கி, கதைப்பாடலாக்கி, 1960இல் எம்.ஜி.ஆருக்கு வேஷமாக்கி வைத்துக்கொண்டது. அத்தனை பெரிய அரசர் வரிசையில் ஊர் தனக்கென்று தேர்ந்தெடுத்தது தோற்றவனை.

அவனோடு செத்த தோழன் மகமத்கான். நீலாம்பூண்டியில் அவன் சமாதியும், அருகே நீலவேணி குதிரையின் சமாதி என்று ஊரார் காட்டுகிற மேடையும் இருக்கின்றன. 1714 அக்டோபரில், சங்கராபரணியில் வெள்ளம் ஓடிக்கொண்டிருந்தபோது, சிறு கூட்டத்தோடு நவாப் சாதுல்லா கானின் படையை எதிர்த்தார்கள். தேசிங்கின் மனைவி உடன்கட்டை ஏறினாள். கோட்டைக்குள் செட்டிகுளக் கரையை அந்த இடமாகக் காட்டுகிறார்கள். அவளுடைய நினைவாகவே ராணிப்பேட்டைக்கு அந்தப் பெயர் என்பார்கள். உடன்கட்டையை வியந்து பேச எனக்கு மனம் வரவில்லை. இந்தக் கதையை ஊர் இவ்வளவு காலம் பாடியதற்குக் காரணம் அவள் தீக்குளித்தது அல்ல என்றே நினைக்கிறேன். கல்யாணம் நடந்துகொண்டிருந்தபோது சேதி கேட்டு மணமேடையிலிருந்து எழுந்து வந்தானே மகமத்கான், அது.

மேலச்சேரியைக் கடைசியாக வைத்திருக்கிறேன். பழைய செஞ்சி என்று அதற்கு இன்னொரு பெயர். அங்கே ஒரு பல்லவர் காலக் குடைவரை, மத்தலேசுவரர். அதன் வடமொழிக் கல்வெட்டு, சிம்மபுரத்தில் சந்திராதித்தன் என்பவன் குடைவித்த சிவன் கோயில் என்று சொல்கிறது. ஆக, கோட்டைக்கு முன்பே இங்கே பெயர் சொல்லும்படியாக ஒரு ஊர் இருந்தது. குடைவரைக்கு வருகிறவர்கள் சிலர். திரௌபதி அம்மனுக்கு வருகிறவர்கள் பலர். வட தமிழகத்துத் திரௌபதி அம்மன் கோயில்களுக்கெல்லாம் இதுவே தாய்க் கோயில் என்பது கூத்துக்காரர்களும் பூசாரிகளும் சொல்லும் வழக்கு. குருக்ஷேத்திரப் போர் முடிந்தபின் திரௌபதி செஞ்சி அரசனுக்காக மறுபடி தீயிலிருந்து எழுந்து, பல தலை அசுரனைக் கொன்றாள் என்று அவர்கள் கதை போகிறது. வியாசருக்குத் தெரியாத மகாபாரதம். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து, படுகளத்தன்று மண்ணால் செய்து கிடத்திய பிரம்மாண்டமான துரியோதனன், மாலையில் தீமிதி. கோயிலுக்கு வெளியே காவலுக்கு நிற்பவர் முத்தால ராவுத்தர், ஒரு முஸ்லிம். தேசிங்குக்கு மகமத்கான், திரௌபதிக்கு முத்தால ராவுத்தர். இந்த மண் இப்படி ஒரு ஜோடியை இரண்டு முறை கற்பித்துக்கொண்டிருக்கிறது. தற்செயல் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

இதையெல்லாம் உட்கார்ந்து கேட்டு எழுதியவர் அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டபெய்டல். திரௌபதி வழிபாடு பற்றிய அவர் நூலின் முதல் தொகுதி 1988இல் வந்தது. குருக்ஷேத்திரத்துக்குப் போகும் வழி செஞ்சியிலிருந்து தொடங்குகிறது என்பதுபோல் அதற்கு உபதலைப்பு வைத்தார். செல்போர்னுக்கு ஒரு கில்பர்ட் ஒயிட் என்றால் மேலச்சேரிக்கு அவர். ஒயிட் சொந்த ஊரை எழுதினார். நமக்காக எழுத ஒருவர் கடல் தாண்டி வந்தார்.

இவ்வளவு சொன்னதால் கோட்டையையே நான் ஒதுக்குவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்குள்ளும் ஊருக்குச் சொந்தமான இடம் உண்டு. கல்யாண மகாலில் அடுக்கடுக்காக ஏறும் கோபுரமும், அதற்கு மதிலுக்கு வெளியிலிருந்து மண்குழாயில் தண்ணீர் கொண்டுவந்த ஏற்பாடும் பார்க்கவேண்டியவைதான். ஆனால் ராஜகிரிச் சரிவிலிருக்கும் கமலக்கண்ணி அம்மனுக்குச் சித்திரையில் திருவிழா நடக்கும்போது போய்ப் பாருங்கள். தொல்லியல் துறை 1921இல் தேசியச் சின்னமாக அறிவித்த கோட்டைக்குள், மஞ்சள் பூசிய பெண்கள் கூட்டம் கூட்டமாகப் படியேறுவார்கள். அவர்கள் கோட்டையைப் பார்க்க வரவில்லை. ஆனந்தக் கோனுக்குப் புதையல் கிடைப்பதற்கு முன்பே அந்த மலையில் இருந்தவளைப் பார்க்க வருகிறார்கள்.

எனக்குள்ள கவலை வேறு. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி நூறு மீட்டருக்குள் எதுவும் கட்டக்கூடாது, அதற்கடுத்த இருநூறு மீட்டருக்கு அனுமதி வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நல்ல சட்டம். அந்தக் கோட்டுக்கு வெளியே, பட்டியலில் ஏறாத குன்றுகளுக்கு என்ன கதி என்பதை விழுப்புரம் மாவட்டச் சாலைகளில் எதிரே வரும் ஜல்லி லாரிகளே சொல்லும். பல லட்சம் ஆண்டு மழையில் உருண்டையான கல், ஒரு வெடியில் முக்கால் இஞ்ச் ஜல்லியாகிறது. வீடு கட்ட ஜல்லி வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் வெடிக்குமுன், இந்தப் பாறையின் பெயர் என்ன, இதன் அடியில் எந்தச் சாமி இருக்கிறது, எந்தச் சுனையிலிருந்து ஆடு தண்ணீர் குடிக்கிறது என்று ஒருவர் கேட்டு எழுதியிருக்க வேண்டும். எழுதப்படாத குன்றுக்காக எந்த நீதிமன்றத்திலும் யாரும் நின்று பேச முடியாது.

இங்கிலாந்தில் காமன் கிரவுண்ட் என்ற சிறிய அமைப்பு 1980களில் ஒரு வேலையைத் தொடங்கிவைத்தது. ஊரிலுள்ளவர்களே கூடி உட்கார்ந்து, தங்களுக்கு எது முக்கியம் என்று தோன்றுகிறதோ அதையெல்லாம் போட்டுத் தங்கள் ஊரின் வரைபடத்தைத் தாங்களே வரைவது. சர்வேயர் தேவையில்லை, அளவு சரியாக இருக்கவேண்டியதில்லை. நூற்றுக்கணக்கான கிராமங்கள் வரைந்தன, துணியில் தைத்தவர்களும் உண்டு.

செஞ்சி வட்டாரத்துப் பள்ளி ஆசிரியர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். பிள்ளைகளைக் கோட்டைக்கு அழைத்துப் போகத்தான் போகிறீர்கள், போங்கள். அடுத்த வாரம் ஒரு சார்ட் அட்டையைக் கொடுத்து, அவரவர் ஊரை வரைந்துவரச் சொல்லுங்கள். ஏரி, மதகு, களம், கூத்து நடக்கும் மேடை, ஆடு மேய்க்கும் தாத்தா பெயர் சொல்லக்கூடிய ஒவ்வொரு பாறை. சிறுகடம்பூரிலிருந்தும் மேலச்சேரியிலிருந்தும் நீலாம்பூண்டியிலிருந்தும் ஆளுக்கொன்று வந்தாலே போதும், தொடங்கிவிடலாம். கிராமசபைக் கூட்டத்தில் அந்த அட்டையை ஒட்டிவைத்து, விடுபட்டதைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த குவாரி ஏலத்துக்கு முன்பே செய்தால் நல்லது.